புதுக் கோவிலும் பழைய பீட அணிகளும்

சென்ற நூற்றாண்டின் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எழுந்த கோவில்கள் பலவற்றிற்கு அண்மை ஆண்டுகளில் பொன்விழாக்கள் வந்துகொண்டிருக்கின்றன. விழா நெருங்கும்போது பங்குப் பேரவையில் தவறாமல் எழும் பேச்சு ஒன்று உண்டு. "நம் கோவிலில் பீடம் பீடமாகவே தோன்றவில்லை, பாட்டன்மார் காலத்துக் கோவிலில் இருந்ததுபோல் ஏதேனும் செய்தாக வேண்டும்" என்பதே அது. ஒருவர் பீடத்தின் பின்னே பொன்வண்ண மாடங்கள் எழ வேண்டும் என்பார். இன்னொருவர் ஆளுயர மெழுகுதிரித் தாங்கிகள் ஆறு வாங்கித் தர முன்வருவார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் பித்தளைக் கிராதிக்குப் பணம் அனுப்புவதாகச் சொன்னான் என்று ஒரு தாய் மகிழ்ச்சியோடு அறிவிப்பார். மறுபக்கத்தில் இளைஞர் சிலர் எழுந்து, "சங்கம் எடுத்தெறிந்தவற்றை மறுபடியும் உள்ளே கொண்டுவருவதா?" என்று கேட்பார்கள். இரு சாராரும் பங்குத்தந்தையின் முகத்தைப் பார்ப்பார்கள். அவரோ கூரையைப் பார்ப்பார்!

இவ்வழக்கில் இரு சாராரிடத்தும் பாதி நியாயம் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. ஆதலால் இம்மாதம் இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில் பெரியவர்களின் ஏக்கத்தை ஏளனம் செய்யாதிருப்போமாக. புதுமுறைக் கோவில்கள் சிலவற்றினுள் நுழைந்தால் நாற்புறமும் சிமென்டுச் சுவர், முன்னே ஒரு மேடை, மேடைமேல் ஒரு மேசை, அதன்மேல் ஒலிபெருக்கி, அவ்வளவே. திருப்பலி நடைபெறும் வேளையில் மக்களும் பாடலும் அவ்விடத்தை நிரப்புகின்றனர். ஆனால் பகல் மூன்று மணிக்கு, மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் கால்மணி நேரம் முழந்தாளிட வரும் ஒரு மனிதரை எண்ணிப் பாருங்கள். அவர் கண் எங்கே போய் நிற்கும்? பாடுபட்ட சுரூபம் ஓரச் சுவரில் சிறிதாக மாட்டப்பட்டிருக்கிறது. நற்கருணைப் பேழை எங்கே என்று தேடவேண்டியிருக்கிறது. திருமண மண்டபத்தில் அமர்ந்திருக்கும் உணர்வே அவருக்கு வருகிறதென்றால், குறை அவருடைய விசுவாசத்தில் இல்லை. கண்ணும் முழந்தாளும் செபத்தில் பங்குகொள்ளும் உறுப்புகளே.

இனி, சங்கம் எதை எடுத்தெறிந்தது? இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத்திரட்டை 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்டது. எந்த ஒரு கலைப்பாணியையும் திருச்சபை தனக்கே உரியதாகக் கொண்டதில்லை என்று அதில் கூறியது. வெறும் ஆடம்பரத்தைவிட மாண்புடைய அழகை நாடவேண்டும் என்றும் கூறியது. அடுத்த ஆண்டு வெளிவந்த செயல்முறை ஏடு, பீடத்தைச் சுற்றி வரவும் மக்களை நோக்கி நின்று பலிசெலுத்தவும் இயலுமாறு அதனைச் சுவரிலிருந்து விலக்கி அமைப்பது நன்று என்றது. சிலுவையை அகற்றுமாறோ, மெழுகுதிரிகளை அணைத்துவிடுமாறோ, சுரூபங்களை உடைக்குமாறோ எவரும் கட்டளையிடவில்லை. இன்று நடைமுறையில் உள்ள திருப்பலி நூலின் பொது விதிகளும், பீடத்தின்மேல் வெண்துகில் ஒன்றாயினும் இருக்கவேண்டும், பீடத்தின்மேலோ அருகிலோ குறைந்தது இரண்டு மெழுகுதிரிகள், அல்லது நான்கு, அல்லது ஆறு எரியவேண்டும், அறையுண்ட ஆண்டவரின் உருவம் தாங்கிய சிலுவை இருக்கவேண்டும் என்றே விதிக்கின்றன. மறைமாவட்ட ஆயர் பலிசெலுத்தும்போது மெழுகுதிரி ஏழு. திருப்பலி முடிந்த பின்னும் அச்சிலுவை அங்கேயே இருப்பது நலம் என்றும் அவ்விதிகள் சொல்கின்றன. பீட அணிகள் வேண்டுமா வேண்டாமா என்பது இங்கே கேள்வியே அன்று. எவை, எத்தனை, எவ்வளவு உயரம், எந்த இடம் என்பனவே கேள்விகள்.

இங்கேதான் "பழைய முறை" என்னும் சொல்லைச் சற்றுச் சோதித்துப் பார்க்கவேண்டும். நம்மில் பலருக்குப் பழைய முறை என்றால் சிறுவயதில் கண்ட முறை என்றே பொருள். திருச்சபையின் நினைவோ அதனினும் நெடியது. ஏறத்தாழ 700-ஆம் ஆண்டளவில் உரோமையில் பாப்பரசர் நிறைவேற்றிய திருப்பலியை விவரிக்கும் ஏடு ஒன்று உண்டு. அதில் ஏழு மெழுகுதிரிகள் பவனியில் ஏந்திவரப்படுகின்றன. ஆனால் அவை பீடத்தின்மேல் ஏறவில்லை, தரையில்தான் வைக்கப்படுகின்றன. பீடத்தின்மேல் நடுவில் சிலுவையும் இருபுறமும் விளக்குகளும் நிற்பதை, பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்ட் 1198-இல் அப்பதவியை ஏற்பதற்குமுன் எழுதிய திருப்பலி விளக்க நூலில் காண்கிறோம். நற்கருணைப் பேழை நடுப்பீடத்தின்மேல் நிலைபெற்றது அதற்கும் பிந்தியது. 16-ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயராயிருந்த புனித சார்லஸ் பொரோமேயுவின் முயற்சி அதில் பெரும்பங்கு கொண்டது. இவையனைத்திற்கும் முந்தியதோ, நான்கு தூண்கள்மேல் பீடத்துக்கு நிழல்போல் கவிந்து நிற்கும் மேற்கட்டி. மிலானில் புனித அம்புரோசியார் ஆலயத்தில் ஆயிரம் ஆண்டுப் பழைமையுடைய மேற்கட்டியை இன்றும் காணலாம். உரோமையில் புனித இராயப்பர் பேராலயத்தில் பெர்னீனி 1624-க்கும் 1633-க்கும் இடையில் எழுப்பிய வெண்கல மேற்கட்டி, அதே வழக்கத்தின் பேருருவம். ஆகவே, பீடத்துக்குப் பின்னே மாடங்கள் அடுக்குவதுதான் பழைமை, தலைக்குமேல் எளிய கவிகை தொங்கவிடுவது புதுமை என்று எவரேனும் சொன்னால், அவர் வரிசையைத் தலைகீழாகப் படித்திருக்கிறார் என்றே கொள்க.

புதுமுறைக் கட்டடக் கலையில் வல்லவர்கள் இவ்வணிகளை வெறுத்தொதுக்கினார்கள் என்பதும் பொய். பிரான்சு நாட்டின் தென்பகுதியில் வான்சு என்னும் ஊரில் தொமினிக்கன் சபைக் கன்னியருக்கென ஓவியர் ஆன்ரி மத்தீசு அமைத்த செபமாலைச் சிற்றாலயம் 1951 ஜூன் 25-இல் அபிசேகம் செய்யப்பட்டது. வெண்சுவர்கள், கருங்கோட்டு ஓவியங்கள், வண்ணக் கண்ணாடிகள் வழியே தரையில் விழும் பச்சையும் நீலமும் மஞ்சளும். அதற்குமேல் ஒன்றுமில்லை என்னும்படியான எளிமை. அப்பத்தின் நிறத்தை நினைவூட்டும் பழுப்புக் கல்லால் ஆன பீடத்தின்மேல் என்ன இருக்கிறது? நடுவில் பாடுபட்ட சுரூபம். இருமருங்கும் மும்மூன்றாக ஆறு மெழுகுதிரித் தாங்கிகள். நம் பாட்டிமார் கண்ட அதே ஆறுதான்! ஆனால் பூத்தண்டுபோல் மெலிந்து நிற்கின்றன. பின்னால் நிற்கும் குருவானவரை மறைப்பதில்லை. எண்பது வயதைக் கடந்த அக்கலைஞர் அவற்றைக் கடையில் வாங்கி வைக்கவில்லை. கட்டடத்தோடு சேர்த்தே அவற்றின் வடிவையும் சிந்தித்தார். குருக்களுக்குரிய பூசை உடுப்புகளையும் அவரே வரைந்து கொடுத்தார்.

அதே நாட்டில் ரோன்சாம் குன்றின்மேல் லெ கார்பூசியே கட்டிய மாதா கோவிலைப் படத்தில் காணாத கட்டடக் கலை மாணவர் இரார். 1955-இல் அபிசேகம் பெற்ற அக்கோவில், வளைந்த சுவர்களும் பருத்த கூரையுமாக, முதற்பார்வைக்குக் கோவில் என்றே தோன்றாது. அங்கிருந்த பழைய ஆலயம் 1944-இல் போரில் அழிந்தது. இடிபாட்டிலிருந்து மீட்ட கற்களைப் புதிய சுவர்களுக்குள் வைத்துக் கட்டினார்கள். மீட்கப்பட்ட பழைய மரச்சுரூபத்தை என்ன செய்தார்கள் தெரியுமா? கீழ்ச்சுவரில், பீடத்துக்கு மேலே, கண்ணாடியிட்ட ஒரு சாளரம் திறந்து அதில் மாதாவை நிறுத்தினார்கள். கோவிலுக்குள் சிலநூறு பேர் கூடும்போது அன்னை உள்ளே நோக்குகிறாள். திருநாளன்று குன்று நிறையத் திருப்பயணிகள் வந்து வெளிப்பீடத்தில் திருப்பலி நடக்கும்போது சுரூபத்தை வெளிப்புறமாகத் திருப்பிவிடலாம். கட்டியவர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் அம்மக்கள் பல தலைமுறையாய் ஏந்தி வணங்கிய ஒரு மரச்சுரூபத்துக்குத் தம் கட்டடத்திலேயே மிகச் சிறந்த இடம் எது என்று அவர் தேடியிருக்கிறார். பழைய சுரூபத்தைப் புதுக் கோவிலில் வைப்பதற்கு இதனினும் நல்ல பாடம் நாம் அறிந்தவரையில் இல்லை.

இங்கிலாந்தின் லிவர்பூல் பேராலயம் மற்றொரு வகை. 1967 மே 14-இல் அபிசேகமான அவ்வட்டவடிவப் பேராலயத்தில் பீடம் நட்ட நடுவில் இருக்கிறது. மக்கள் சுற்றிலும் அமர்கிறார்கள். பத்தொன்பது டன் எடையுள்ள ஒரே வெண்பளிங்குக் கல் அப்பீடம். பின்சுவர் என்பதே இல்லாத இடத்தில் மாடம் எங்கே வைப்பது? கட்டடக் கலைஞர் கிப்பர்ட் மேற்கட்டியை நாடினார். அலுமினியக் குழல்களால் ஆன முடிபோன்ற கவிகை ஒன்று மேலிருந்து தொங்கிப் பீடத்துக்கு எல்லை வகுக்கிறது. விளக்குகளையும் ஒலிபெருக்கிகளையும் அதுவே தாங்குகிறது. பீடத்தின்மேல் சிற்பி எலிசபெத் ஃபிரிங்க் வார்த்த மெலிந்த வெண்கலப் பாடுபட்ட சுரூபம். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரின் மரியன்னை பேராலயத்திலும் 1971-இல் இவ்வாறே செய்தனர். அங்கே ஒளிரும் உலோகக் கம்பிகள் மழைத்தாரை போல் பீடத்தின்மேல் இறங்குகின்றன.

இவற்றையெல்லாம் நாம் நகல் எடுக்கவேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. நமக்கு அவ்வளவு பணமும் இல்லை. கவனிக்கவேண்டியது ஒன்றே. நான்கு இடங்களிலும் பழைய அணி பீடத்தைச் சுட்டிக்காட்டும் விரலாக வந்திருக்கிறது. பீடத்தை மறைக்கும் கையாக வரவில்லை. நம் பங்குகளில் பிற்பாடு சேர்ப்பவை பெரும்பாலும் தவறிப்போவது இவ்விடத்தில்தான்.

ஒரு சான்று பாருங்கள். பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர், மக்களை நோக்கிப் பலிசெலுத்தும் பீடத்தில் நடுவே சிலுவை நிற்கட்டும், குருவும் மக்களும் ஒருவரையொருவர் நோக்காமல் ஆண்டவரையே நோக்கட்டும் என்று, தாம் கர்தினாலாயிருந்தபோது 2000-ஆம் ஆண்டில் வெளியான நூலில் எழுதினார். 2005 முதல் 2013 வரை அவர் திருச்சபையை ஆண்ட காலத்தில் உரோமையில் அவருடைய பீடத்தில் அவ்வாறே சிலுவையும் உயர்ந்த மெழுகுதிரிகளும் வரிசையாக நின்றன. உலகெங்கும் பல பங்குகள் அதனைப் பின்பற்றின. கருத்து ஆழமானது; நமக்கும் உடன்பாடானது. ஆனால் புனித இராயப்பர் பேராலயத்தின் பீடம் எவ்வளவு நீளம்! அதன்மேல் ஆறு தாங்கிகள் நின்றாலும் இடையிடையே வானம் தெரியும். நம் புதுமுறைக் கோவில்களின் பீடமோ பெரும்பாலும் நான்கைந்து அடி நீளமுள்ள கற்கட்டு. அதன்மேல் மூன்றடி உயரத் தாங்கிகள் ஆறையும் நிறுத்தினால் வேலி ஒன்று எழுந்துவிடும். முதல் வரிசையில் உட்காரும் சிறுவனுக்குக் குருவானவரின் முடி மட்டுமே தெரியும். அப்பமும் இரசமும் எழுந்தேற்றத்தின்போது மட்டும் ஒருகணம் எட்டிப்பார்க்கும். மெழுகுதிரிகள், பீடத்தில் நடப்பதையோ வைக்கப்படுவதையோ காண மக்களுக்குத் தடையாயிருத்தலாகாது என்று விதியும் கூறுகிறது.

பின் என்செய்வது? சிலுவை பீடத்தின்மேல் தாழ்வாக நிற்கட்டும். அல்லது அளவிற் பெரிய பாடுபட்ட சுரூபம் பீடத்துக்கு மேலே தொங்கட்டும். மெழுகுதிரிகளைத் தரைக்கு இறக்கிப் பீடத்தின் இருபக்கமும் நிறுத்தலாம். உரோமையின் அப்பழஞ்சுவடி காட்டும் வழக்கமும் அதுவே. நம் வீட்டு வழக்கமும் அதுவே அன்றோ? குத்துவிளக்கை நாம் மேசைமேல் ஏற்றுவதில்லை, தரையில்தான் நிறுத்துகிறோம். மெழுகுதிரிக்கு மாற்றாக எண்ணெய் விளக்குகளைப் பயன்படுத்துவது, இந்திய ஆயர்கள் கேட்டு உரோமை 1969 ஏப்ரல் 25-இல் இசைவளித்த பன்னிரண்டு அம்சங்களுள் ஒன்று. கைப்பிடியுள்ள எளிய தூபக்கலம், அஞ்சலி செய்து வணங்குதல், ஐந்துறுப்பும் தரையில் பட வணங்குதல் ஆகியனவும் அவற்றுள் உண்டு. அன்று இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் கருங்கல் பீடமும் இருபுறம் இரு பித்தளைக் குத்துவிளக்கும் நிற்கும் கோவிலில், இத்தாலியப் பாணிப் பொற்சாயத் தாங்கிகளில் இல்லாத ஒரு அமைதி இருப்பதை நாம் பலமுறை உணர்ந்ததுண்டு.

பொற்சாயம் என்றதும் பொருளைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. பளிங்குபோல் வண்ணம் தீட்டிய நாரிழைப் பலகை, தேக்குபோல் கோடிழுத்த ஒட்டுப்பலகை, மெழுகுதிரிபோல் மினுக்கும் மின்விளக்கு, ஆண்டு முழுதும் வாடாத பிளாஸ்டிக் ரோசா: இவற்றிற்கு ஒரே பெயர் போலி. பூவை வைப்பதே அது வாடும் என்பதற்காகத்தான். நமக்காக ஒன்று தன்னைச் செலவிட்டுக்கொண்டது என்பதற்கு அது அடையாளம். மெழுகுதிரியும் அப்படியே. நற்கருணை முன் எரியும் விளக்குக்கு எண்ணெயோ மெழுகோ வேண்டும் என்று திருச்சபை இன்றளவும் கேட்பதன் காரணமும் இதுவே எனலாம். சிமென்டுக் கோவிலுக்கு ஒரு நேர்மை உண்டு: சிமென்டு சிமென்டாகவே நிற்கிறது. அதன் நடுவில் போலிப் பளிங்கு மாடத்தை நிறுத்தினால், கட்டடமும் பொய் சொல்லத் தொடங்கிவிடுகிறது. நல்ல கருங்கல் ஒன்று, நல்ல மரம் ஒன்று, பித்தளை இரண்டு, இவை போதும்.

ஒன்றும் சேர்க்கவே கூடாத கோவிலும் உண்டு என்பதையும் மறைக்கமாட்டோம். செருமனியில் ஆகென் நகரில் உருடால்ஃப் ஷுவார்ட்சு 1930-இல் கட்டிய திருவுடல் ஆலயம் அத்தகையது: உயர்ந்த வெள்ளைச் சுவர், படிகளின்மேல் கரும்பளிங்குப் பீடம். அவ்வெறுமையைக் கண்டு குறைகூறியவர்களுக்கு, அது வெறுமையன்று, மௌனம் என்னும் பொருள்படப் பதில் கூறினார் மறையியலார் குவார்தினி. உங்கள் கோவில் அத்தகைய மௌனம் உடையதா, அல்லது பணம் போதாமல் பாதியில் நின்றதா என்பதை முதலில் உண்மையாய் ஆராயுங்கள். பெரும்பாலும் இரண்டாவதே காரணமாயிருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பணம் என்றதும் நன்கொடையாளர் வருகிறார். அவருடைய பக்தியை நாம் ஐயுறவில்லை. ஆனால் விளக்கின் வெளிச்சத்தைக் காட்டிலும் விளக்கில் பொறித்த பெயர் பெரிதாயிருக்கும் ஊர்களை நாம் அறிவோம். ஒரு குடும்பம் அந்தோனியார் சுரூபம் கொடுத்தால் அடுத்த ஆண்டு மறு குடும்பம் அதைவிட ஓரடி உயர்ந்த அந்தோனியாரைக் கொண்டுவருகிறது. ஒரே புனிதருக்கு ஒரு கோவிலில் ஒரு சுரூபமே வழக்கமாக இருக்கவேண்டும் என்னும் விதியைப் படித்துக் காட்டப் பங்குத்தந்தைக்குத் துணிவு வேண்டியிருக்கிறது. கொடையெல்லாம் பொதுவில் சேரட்டும். வாங்கவேண்டியதைப் பங்குப் பேரவையும், கட்டடக் கலை அறிந்த ஒருவரும், மறைமாவட்டத் திருவழிபாட்டுக் குழுவும் கூடி முடிவுசெய்யட்டும். பெயர் வேண்டுமாயின் பங்கின் கணக்கேட்டில் இருக்கட்டுமே.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. கூரையொழுகும் வீட்டில் பங்கு மக்கள் பத்துக் குடும்பம் இருக்கையில் பீடத்துக்குப் பித்தளையா? பெத்தானியாவில் முந்நூறு தெனாரியம் பெறும் தைலத்தைப் பாதத்தில் ஊற்றிய மரியாளை ஆண்டவர் தடுக்கவில்லை. ஆயினும், கோவிலில் கிறிஸ்துவுக்குப் பட்டு உடுத்திவிட்டு வாசலில் குளிரால் நடுங்கும் கிறிஸ்துவைப் புறக்கணியாதே என்று புனித அருளப்பர் கிறிசோஸ்தோம் இடித்துரைத்ததும் மறக்கத்தக்கதன்று. இவ்விரண்டையும் ஒரே பங்கு ஒரே ஆண்டில் கேட்டாகவேண்டும். பொன்விழாவுக்கென்று திரளும் தொகையில் ஒரு பங்கை வீடு பழுதுபார்க்க ஒதுக்கிவிட்டு, எஞ்சியதில் இரண்டே பொருள் வாங்கிய கோவில், பன்னிரண்டு பொருள் வாங்கிய கோவிலைவிட அழகாய் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். குறைந்த பொருள்களைத்தான் நாம் நன்கு தேர்ந்தெடுக்கிறோம்.

வாங்குமுன் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று: கொத்தனாரிடமோ தச்சரிடமோ சொல்லி, வேண்டிய பொருளின் அளவில் மூங்கிலாலும் அட்டையாலும் மாதிரி செய்து, நான்கு ஞாயிறு அவ்விடத்தில் வைத்துப் பாருங்கள். கடைசி வரிசையிலிருந்தும், பாடகர் இடத்திலிருந்தும், சக்கர நாற்காலியில் வருவோர் அமரும் ஓரத்திலிருந்தும் பார்க்கவேண்டும். காலைப் பூசையில் கிழக்குச் சாளரத்து வெயில் சிலுவைக்குப் பின்னிருந்து கண்ணைக் கூசச் செய்கிறதா என்று பார்க்கவேண்டும். பீடச் சிறுவர்கள் தூபக்கலத்தோடு சுற்றிவர வழியிருக்கிறதா என்பதையும் அப்போதே அறியலாம். அட்டையை அகற்ற ஐந்து நிமிடம். பளிங்கை அகற்ற ஐந்து ஆயர்கள் மாறவேண்டும்.

அதற்கும் முன்னால், பூசைப்பொருள் அறையின் பின்புறத்துச் சரக்கறையைத் திறந்து பாருங்கள். பல பங்குகளில் பழைய கோவிலின் சிலுவையும் தாங்கிகளும், சில இடங்களில் பழைய கிராதியின் மரத்துண்டுகளும்கூட, உடைந்த நாற்காலிகளுக்கடியில் கிடக்கின்றன. திருவழிபாட்டுச் சீர்திருத்தத்தைக் காரணங்காட்டிப் பழைய கலைப்பொருள்களை அழிப்பதும் விற்பதும் பெருகியதைக் கண்டு, அவற்றைப் பட்டியலிட்டுக் காக்கும்படி உரோமை 1971-இலேயே ஆயர்களுக்கு மடல் எழுதியது. கிடைப்பவற்றைப் பட்டியலிடுங்கள்; படமெடுங்கள்; கோவில்பிள்ளையாயிருந்த முதியவர்களைக் கேட்டு எது எங்கே நின்றது என்று எழுதிவையுங்கள். மரச்சுரூபமாயின் வண்ணக்காரரை உடனே அழைக்கவேண்டாம். பழைய வண்ணத்தைச் சுரண்டுவதற்குமுன் அறிந்தவர் ஒருவர் பார்க்கட்டும். பித்தளைக்குப் புளியும் மெல்லிய துணியும் போதும். வெள்ளிமுலாம் பூசியவற்றிற்கோ புளியும் ஆகாது, சாம்பலும் ஆகாது. தேய்க்கத் தேய்க்க முலாம் போய்விடும்.